பொபின் கேஸ் புதிதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்கள் ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார், இறந்தவர்களின் பாவனைப் பொருட்களை அந்தியேட்டிக் கிரியையோடு வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும், வைத்திருந்தால் மனம் தேறாது என்று. எழுதியவர் வயதில் சின்னவர் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் செய்தேன். என் கணவர் போய் இரண்டு வருடமாகிறது. கன்னியாவில் காரியம் முடித்து வந்த கையோடு அவருடைய சேர்ட், சாரம், செருப்பு எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டேன், சைக்கிளை மருமகன் கொண்டுபோனார். என் தையல் மெஷின் மட்டும் நின்றது. அது அவருடைய பொருள் இல்லைதானே.

அவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. காஸ் சிலிண்டர் மாற்றினால் அதன் வயிற்றில் சோக்கட்டியால் தேதி, பல்ப் போட்டால் கலண்டரில் தேதி, தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலிலும் தேதி. வாய்தான் திறக்கமாட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். நாங்கள் திருக்கடலூர். வீட்டின் பின்சுவரைக் கடல் கொண்டுபோனது, மெஷின் முருங்கை மரத்தடியில் மண்ணுக்குள் கிடந்தது, கால் ஓரிடம் தலை ஓரிடம். உவர்மலையில் அக்கா வீட்டில் இருந்த நாட்களில் அந்தத் தலையைத் தூக்கி வந்து கிணற்றடியில் வைத்துக் கழுவினார், பிறகு பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார். வீடே போய்விட்டது, இந்த மனுசன் இரும்பைக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கிறார் என்று நான் கத்தினேன். "உப்புப் போகவேணும்" என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள், அடிநூல் உருளையை வைக்கிற பொபின் கேஸைத் துரு தின்றுவிட்டது, கொழும்பில் இருந்துதான் எடுக்க வேணும், 650 ரூபாய் என்றார். பொத்திப் பொத்தி வைத்திருந்த காசில் எண்ணிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார், பளபளவென்று இருந்தது. பஸ் கொண்டக்டர் மூலம் எடுப்பித்தாராம்.

அந்த மெஷினில்தான் பிள்ளைகளின் ரியூசன் காசு வந்தது. ஜனவரி வந்தால் அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணியைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வாசலில் நிற்பார்கள். பொபின் மாற்றும்போதெல்லாம் அவர்களிடம் நான் பெருமையடிப்பேன், "இது கொழும்புச் சாமான்" என்று. அவர் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். லேசாக ஒரு இருமல் இருமுவார். சளி என்று நினைத்து எத்தனை நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருப்பேன்.

போன மாதம் மெஷின் இறுகி நின்றுவிட்டது. எண்ணெய் போடுவது அவர் வேலை, ஞாயிறு காலையில் தானே தலையைச் சாய்த்துப் போடுவார், நான் அடிப்பக்கம் பார்த்ததே இல்லை. கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து பலகையைக் கழற்றினார். அடியில், சோறு கட்டும் லஞ்ச் சீட்டில் மடித்து ஒட்டிய ஒரு துண்டு. கண்ணாடி கையில் இல்லை, வாசியுங்கோ தம்பி என்றேன். அவரும் சத்தமாகவே வாசித்தார்:

"2005.01.23. கடல் தண்ணீர் குடித்த மெஷின். நல்ல தண்ணீரில் இரண்டு தரம், மண்ணெண்ணெயில் 5 நாள். பின் ஸ்க்ரூ புரி தேய்ந்தது, பலமாக இறுக்க வேண்டாம். பொபின் கேஸ் பழையதுதான், எமரித் தாளால் தேய்த்தது, வில் மட்டும் வேறு. வீட்டில் புதிது என்று சொல்லியிருக்கிறேன். காட்டிக்கொடுக்க..."

தம்பி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மிச்சத்தையும் வாசியுங்கோ என்றேன். "...காட்டிக்கொடுக்க வேண்டாம். அவவுக்குப் பேரம் பேச வராது, கூலி நியாயமாக எடுக்கவும்."

எனக்கு வந்தது கோபம், உண்மையைச் சொல்கிறேன். 650 ரூபாய்! அரிசியை அளந்து அளந்து போட்ட காலம் அது. மகனுக்குக் கோல் எடுத்துச் சொன்னால் சிரிக்கிறான், அப்பா லொத்தர் டிக்கெட் எடுத்திருப்பார் என்கிறான். மகளோ, முகாமில் யாருக்காவது கொடுத்திருப்பார் என்று சாதிக்கிறாள். இரண்டும் செய்யக்கூடிய மனுசன்தான். பொய்யையும் சொல்லி, அதைத் தேதி போட்டுப் பதிவும் செய்து வைத்தவரை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

அன்று பின்னேரம் வரை தனியே இருந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு வீட்டில் அன்றுதான் சண்டை சத்தம் கேட்டது. அந்தக் கட்டுரைக்காரரிடம் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள், இந்த மெஷின் யாருடைய பாவனைப் பொருள், என்னுடையதா, அவருடையதா?

வேலை முடிந்ததும் நான் 2,500 ரூபாய் நீட்டினேன். ஐயா எழுதியிருக்கிறாரே என்று தம்பி 1,500 மட்டும் எடுத்தார். துண்டைப் புது லஞ்ச் சீட்டில் சுற்றி இருந்த இடத்திலேயே ஒட்டச் சொன்னேன். பொபின் கேஸையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நூல் சிக்காமல்தான் ஓடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருக்கடலூர், திருகோணமலை.