பூவை விடு, மண்ணைப் பார்

திருவையாறு,
ஐப்பசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மேட்டூர் அணையை ஜூன் 12-க்கே திறந்துவிட்டதால் குறுவை தப்பித்தது. ஆனால் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், வெயில் தலைகாட்டும்போதெல்லாம் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார்கள். கும்பகோணம் போகிற பஸ்கள் பாதி ரோட்டில்தான் ஓடுகின்றன. உன் சித்தப்பா வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் பண்ணிவிட்டார்கள். நமக்கு இனிமேல் உட்கார ஆற்றுப் படித்துறைதான் மிச்சம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பூத்து நிற்கிற கஞ்சாச் செடியைச் சுற்றிக் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது, நீதான் காளான் குடில் வைத்திருக்கிறாயே, என்ன மருந்து அடிக்கலாம் சொல் என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இங்கே அந்தச் செடியை வளர்த்தால் 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 வருஷம் வரை உள்ளே போகலாம். கனடாவில் உன் ஒன்டாரியோவில் 2018 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு 4 செடி வளர்க்க அனுமதி இருக்கிறது. உன் மூட்டு வலிக்கு அது கேட்கிறதா இல்லையா என்பது உனக்கும் உன் டாக்டருக்கும் உள்ள பேச்சு. ஈயைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

நீ எழுதியிருக்கும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது கொசு இல்லை. என் காளான் படுக்கையில் முட்டையிட வருகிற ஈயின் பங்காளிதான். சியாரிட் என்கிற ஒரே குடும்பம். 2, 3 மில்லிமீட்டர் நீளம், கறுப்பு உடம்பு, நீண்ட கால். உயரப் பறக்கத் தெம்பில்லாமல் தொட்டி விளிம்பிலேயே தத்தித் தத்தித் திரியும். ஒன்றைப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார், இறக்கையில் கவட்டைபோல இரண்டாகப் பிரிகிற நரம்பு ஒன்று தெரியும். பறக்கிற இந்த ஈ செடியை ஒன்றும் செய்யாது, ஒரு வாரம் பத்து நாள் உயிரோடிருந்து நூறு இருநூறு முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். வேலையெல்லாம் மண்ணுக்குள் இருக்கிற புழுவுடையது. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், தலை மட்டும் கறுப்பாக மின்னும், தின்றது வயிற்றுக்குள் ஒரு கறுப்புக் கோடாக வெளியே தெரியும். மேல் மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள், பூஞ்சையையும் மக்கிய குப்பையையும் தின்றுகொண்டு கிடக்கும். அது போதாதபோது சல்லி வேரைக் கடிக்கும்.

புழு இருக்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்மேல் அழுத்தி வை. இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் மொய்த்திருக்கும். எந்தத் தொட்டியில் அதிகம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது மருந்து. ஒரே வார்த்தையில் சொல்கிறேன், பூமேல் எதையும் அடிக்காதே. என் குடிலில் நான் எதையும் அடிப்பதில்லை. மொட்டு வந்த மூன்றாம் நாள் பறித்து மார்க்கெட்டுக்குப் போய், அன்று சாயங்காலம் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் கிடக்கிற பொருள் அது. உன் செடி அதைவிட மோசம். கத்திரிக்காயையாவது கழுவிச் சமைக்கிறோம். அந்தப் பூவைக் கழுவ முடியாது. மேலெல்லாம் பிசின், பட்டது ஒட்டிக்கொள்ளும். அதைக் காயவைத்துக் கொளுத்திப் புகையாக இழுப்பவர்களும் உண்டு. மைக்ளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சைக்கொல்லி இருக்கிறது. சில பழங்களுக்கு அனுமதித்த மருந்துதான். ஆனால் அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரும். 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் உங்கள் நாட்டில் உரிமம் பெற்ற சில கஞ்சாக் கம்பெனிகளின் சரக்கைத் திரும்ப வாங்கியதே இதனால்தான். தின்கிற பொருளுக்கு ஆகும் என்பதால் புகைக்கிற பொருளுக்கும் ஆகும் என்று கணக்குப் போடக் கூடாது. இமிடாகுளோபிரிட் மாதிரி வேர் வழியே செடிக்குள் ஏறுகிற மருந்தையும் மண்ணில் ஊற்றிவிடாதே, அது பூவரைக்கும் போகும். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று கேட்பாய். நானும் வேப்பெண்ணெய்ப் பைத்தியம்தான். ஆனாலும் பூத்த பிறகு மேலே அடித்தால் நாற்றமும் பிசுக்கும் பூவோடு தங்கிவிடும். வெறும் தண்ணீரைத் தெளித்தாலே பூக்கொத்துக்குள் ஈரம் நின்று சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

பின்னே என்ன செய்வது? தண்ணீரைக் குறை. உனக்கு இது கஷ்டம் என்று தெரியும். காய்ந்த மண்ணைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரன் கை சும்மா இருக்காது, வாய்க்கால் நிறைய ஓடினால்தான் நமக்குத் தூக்கம் வரும். தினமும் காலையில் ஒரு குவளை ஊற்றுகிறேன் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அதுதான் அந்த ஈக்கு விருந்து. இப்போது இங்கே நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டச் சொல்கிறார்கள், தொட்டிக்கு என்ன? மேல் ஒன்றரை இரண்டு அங்குலம் உலர்ந்து, தொட்டியைத் தூக்கினால் கனம் குறைந்திருக்கும்போது மட்டும் ஊற்று. அடித்தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடு. உன் தொட்டியில் இருப்பது தென்னைநார்க் கழிவு என்கிறாய். அது நம் பேராவூரணிப் பக்கத்திலிருந்தே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அது மேலே காய்ந்த மாதிரி காட்டி உள்ளே ஈரத்தை வைத்திருக்கும், விரலை விட்டுப் பார்க்காமல் நம்பாதே.

பசை தடவிய மஞ்சள் அட்டை கிடைக்கும், அந்த ஒட்டுப் பொறியைச் செடி உயரத்தில் தொங்கவிடாமல் மண்ணை ஒட்டிப் படுக்கவை. ஈ அங்கேதான் நடமாடுகிறது. தரையோரமாகச் சின்ன ஃபேன் ஒன்று ஓடினால் அதற்குப் பறக்கவே வராது, மண்ணும் சீக்கிரம் உலரும்.

புழுவுக்கு பி.டி.ஐ. என்கிற பாக்டீரியாவை வாங்கு. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டுபிடித்தது. நம் ஊரில் கொசுப் புழுவுக்குப் போடுகிற சரக்குதான் அதுவும். புழு அதைத் தின்றால் குடல் ஓட்டையாகிச் சாகும், மனிதனுக்கும் மண்புழுவுக்கும் ஒன்றுமில்லை. பாக்கெட்டில் போட்ட அளவுக்குக் கரைத்து மண்ணில் மட்டும் ஊற்று. வழக்கமாக ஊற்றும் தண்ணீரோடு கலந்துவிட்டால் போதும், இதற்கென்று தனியாக நனைக்க வேண்டாம். அதன் வேகம் நாள்பட நிற்காது, முட்டையையும் பறக்கிற ஈயையும் தொடாது, ஆகவே வாரம் ஒரு தடவை என்று சில வாரம் விடாமல் ஊற்ற வேண்டும். கடைக்காரன் பி.டி.கே. என்று ஒன்றை எடுத்து நீட்டினால் வாங்காதே, அது இலை தின்னும் கம்பளிப்பூச்சிக்கு உண்டானது.

இன்னொரு வழி ஸ்டெய்னர்நீமா ஃபெல்டியே என்கிற நூற்புழு. புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்கிற புழு. 15 முதல் 25 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். உன் வீட்டு நிலத்தடி அறைக்கு அது தோது, என் குடிலின் வெக்கையில் ஒரு நாள் தாங்காது. பொறாமையாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் படாத நேரத்தில் ஊற்று. அதோடு, புழுவைக் கொல்லச் சிலர் ஊற்றுகிற ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றினால் பணம் கொடுத்து வாங்கிய நூற்புழுவையும் நீயே கொன்ற மாதிரி ஆகும்.

அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறாய். முட்டையிலிருந்து ஈயாக வருவதற்கே மூன்று நாலு வாரம் ஆகும். வளர்ந்த செடி கொஞ்சம் வேர்க் கடியைத் தாங்கிக்கொள்ளும், நாற்றுக்குத்தான் ஆபத்து. உன் இப்போதைய கவலை ஈ போய்ப் பூப்பிசினில் ஒட்டாமல் பார்ப்பது. அதற்குப் பொறியும் ஃபேனும் உலர்ந்த மண்ணும் போதும். அறுத்த பிறகு அந்தத் தொட்டி மண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதே, அடுத்த செடிக்கு அதையே போடாதே. தொட்டியையும் தேய்த்துக் கழுவு.

பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்னாலேயே எழுது. அந்தச் சமயம் பால் காளானுக்கு வெயில் போதாது, சிப்பிக் காளான்தான் நிறைய இருக்கும். வரும்போது அந்த மஞ்சள் ஒட்டுப் பொறி அட்டை நல்லதாக ஒரு கட்டு வாங்கி வா. இங்கே கிடைப்பதில் பசை ஒரு மழைக்காலத்துக்கு நிற்பதில்லை.

உன்,
கடைசி பெஞ்சுத் தோழன்