ஊக்குப் போட்ட செருப்பு

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. நாலு பக்கமும் பேனாவில் எழுதியிருக்கிறாய், பார்த்ததுமே சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலிதான் விட்டபாடில்லை. பெரியவனுக்கு ஓசூரிலேயே கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. இனி ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பான், இப்போதே சொல்லிவைக்கிறேன். கொல்லையில் இந்த வருஷம் மாம்பழத்தில் செந்தூரா கம்மி, பெங்களூராதான் கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது. உனக்கென்று ஒரு கூடை வைக்கோலில் போட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மகள் ராத்திரி பகலாக மர்ம நாவல் படிக்கிறாள், எல்லாவற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுவதும் மறைப்பதும் கொல்வதுமாக இருக்கிறது, பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பூட்டாதே. நீ பயப்படுகிற ரத்தமும் போதையும் அந்தப் புத்தகங்களின் மேல்தோல். உள்ளே வேறு ஒன்று இருக்கிறது, அது உன்னையும் என்னையும் பற்றியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளி நூலக அறையில் பிளஸ் ஒன் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள், படித்ததைப் பேசுவோம் என்று முன்பே எழுதியிருந்தேன். போன மாதம் ஒரு பையன் தானே எழுதிய கதையைக் கொண்டுவந்தான். அவன் பாட்டி ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம். எங்கே திரும்பினாலும் மாந்தோப்பு. கதையும் அங்கேதான் நடக்கிறது.

நாலு கூட்டாளிகள். மூன்று பேர் ராத்திரியில் ஒரு குத்தகைத் தோப்புக்குள் இறங்குகிறார்கள். மாங்காய்க்காக இல்லை, அவரவர் வீட்டிலேயே கூடை கூடையாய்க் கிடக்கிறது. “உனக்குத் தில் இருக்காடா?” என்று ஒருத்தன் கேட்டுவிட்டான், அதற்காக. நாலாமவன் காய்ச்சல் என்று வரவில்லை. விடிந்து பார்த்தால் காவல்காரத் தாத்தா கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் செத்துக் கிடக்கிறார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று ஊர் பேசி முடித்துவிடுகிறது. தாத்தா குடிக்கிறவர் இல்லை என்று நாலாமவனுக்குத் தெரியும். துப்புத் துலக்கக் கிளம்புகிறான். வரப்போரம் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. வார் அறுந்து, அதில் ஊக்குப் போட்டிருக்கிறது. அந்த ஊக்கைப் போட்டுவிட்டதே அவன்தான். முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில், தன் அரைஞாண் கயிற்றில் இருந்ததைக் கழற்றி.

அந்த இடத்தில் நான் அவன் நோட்டைக் கீழே வைத்துவிட்டேன். பதினாறு வயசுப் பையனுக்கு இது எங்கிருந்து வந்தது?

யோசித்துப் பார். பெரியவர்களுக்கான துப்பறியும் கதையில் இன்ஸ்பெக்டருக்கு ஜீப் இருக்கிறது, கைரேகைக்காரர் இருக்கிறார், மிரட்டி உண்மையை வாங்க அதிகாரம் இருக்கிறது. செத்தவரும் கொன்றவரும் அவருக்கு அந்நியர்கள், வழக்கு முடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். இளவட்டக் கதையில் துப்பறிகிறவனிடம் இருப்பது ஒரு பஸ் பாஸும் நாலு கூட்டாளிகளும்தான். அவனுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு தடயமும் நட்பிலிருந்து பிய்த்து எடுத்தது. யார் வீட்டில் யார் தங்கினார்கள், யார் போன் அன்றைக்கு அணைந்திருந்தது, யாருடைய செருப்பு எந்த இடத்தில் அறுந்தது என்று பக்கத்தில் உட்காருகிறவனுக்குத்தானே தெரியும்? கூட்டாளியாக இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்தால் கூட்டாளியாக இருக்க முடியாது. இந்த வகைக் கதைக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பையன் இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தான். ஒன்றில் செருப்பைக் கிணற்றில் வீசிவிடுகிறான். இன்னொன்றில் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான், அந்த மூன்று பேரும் அவனுக்குப் பெஞ்சில் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள், அத்தோடு கதை நிற்கிறது. எது சரி என்று பெரிய சண்டை. “நேராப் போய் போலீஸ்ல சொல்லவேண்டியதுதானே” என்று நான்தான் கேட்டேன், டீச்சர் இல்லையா. ஓரத்தில் இருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமல் சொன்னாள்: “சொன்னா குரூப்ல இருந்து தூக்கிடுவாங்க மிஸ். அப்புறம் காலையில வந்து யார் பக்கத்துல உக்கார்றது?” யாரும் சிரிக்கவில்லை. செத்துப்போன ஒரு கிழவருக்கு எதிரில் வாட்ஸ்அப் குரூப்பை வைக்கிறாளே என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவள் சொன்ன இரண்டாவது வாக்கியம் உறைத்தது.

இதில் எனக்குக் கோபம் வருகிற புத்தகங்களும் உண்டு. கூட்டாளிகளின் வற்புறுத்தல் என்றால் பணக்காரத் திமிர் பிடித்த ஒருத்தி வந்து “குடி, இல்லாவிட்டால் எங்களோடு சேராதே” என்று மிரட்டுவதாக எழுதுகிறார்கள். அப்படி வந்தால் எந்தப் பிள்ளையும் சுதாரித்துக்கொள்ளும். நிஜத்தில் அது அன்பாக வருகிறது. தோளில் கை போட்டுக்கொண்டு வருகிறது. எதுவுமே கேட்காமல் வருகிறது.

நம் பக்கத்துத் தண்ணீரை நினைத்துக்கொள். பாலக்கோடு, பென்னாகரம் ஊர்களில் போர் தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை. பாறையிலிருந்து அதில் கரைந்த ஃபுளோரைடு, ஈறுக்குள் பல் உருவாகிற வயசில் குடித்த பிள்ளைக்குப் பழுப்புக் கோடாகப் பல்லில் ஏறிவிடும். பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் காவிப் பல்லோடு வளர்ந்தார்கள்! சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வருகிற “நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு” என்ற குறளை வருஷா வருஷம் நடத்துகிறேன். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு உரையே வேண்டாம், கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும்.

பி.எட். படிக்கும்போது உளவியல் தாளில் சாலமன் ஆஷ் செய்த சோதனை வரும், 1950-களில் அமெரிக்காவில் நடந்தது. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடு, எது அதே நீளம் என்று சொல்லவேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒரே ஒருத்தரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 தடவையில் 12 தடவை எல்லோரும் ஒரே தப்பு விடையைச் சொல்வார்கள். அந்த 12 தடவைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட, அந்த ஒற்றை ஆளும் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது சாய்ந்தார்கள். அவர்கள் அந்நியர்கள், தோளில் கை போட்டவர்கள்கூட இல்லை. மார்க்குக்காக இதையெல்லாம் மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தேன். கடைசியில் இருந்த ஒரு வரியை அப்போது கவனிக்கவில்லை: அந்தக் கூட்டத்தில் வேறு ஒருத்தர், ஒரே ஒருத்தர், சரியான விடையைச் சொன்னால் அந்தத் தப்பு கால்வாசியாக இறங்கிவிட்டது.

2005-ல் கார்ட்னரும் ஸ்டெயின்பெர்க்கும் வெளியிட்ட ஒரு ஆய்வும் உண்டு. கார் ஓட்டும் விளையாட்டில் 13 முதல் 16 வயசுப் பிள்ளைகள் தனியாக இருக்கும்போது எடுத்ததைவிடக் கூட்டாளிகள் பார்க்கும்போது மிக அதிகமாக ஆபத்து எடுத்தார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. சந்தூர்த் தோப்பில் சுவர் ஏறியது அதுதான். மறுநாள் வாயைப் பொத்திக்கொண்டது ஆஷ் சொன்னது. முதலாவதை நான் மன்னித்துவிடுவேன். இரண்டாவதைப் பற்றித்தான் நாவல் எழுதவேண்டும்.

பெரியவர்களிடம் சொல்லாமல் ஏன் மறைக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். எரிஹ் கெஸ்ட்னர் 1929-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய சிறுவர் துப்பறியும் கதை ஒன்று உண்டு. எமில் என்ற பையனின் பணம் ரயிலில் திருட்டுப் போகிறது. அவன் போலீஸிடம் போகவில்லை, ஏனென்றால் ஊரில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சிலைக்கு மூக்குச் சாயமும் மீசையும் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தச் சின்னத் தப்புக்குப் பயந்து பெரிய அநியாயத்தை விழுங்கப் பார்க்கிறான். நல்லவேளையாக பெர்லின் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து திருடனை வளைக்கிறார்கள். அதில் ஒரு குட்டிப் பையனுக்கு வீட்டில் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வேலை. துரத்தலில் எதையும் அவன் பார்க்கவில்லை, நகரவும் இல்லை. இதைச் சொன்னபோது எங்கள் பிள்ளைகள் அவனுக்காகத்தான் உருகினார்கள். அவனையும் கூட்டாளிகள்தான் “இங்கேயே இரு” என்றார்கள். சந்தூர்ப் பையனுக்கும் கூட்டாளிகள்தான் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். டெலிபோன் பையன் செய்ததை ஊரறியச் சொல்லலாம். பைக்குள் இருக்கிற செருப்பை யாரிடம் காட்டுவது?

இப்போது நம் விஷயம். இதை எழுதத்தான் மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட் கண்ணாடிக் குழாய் உடைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் செட்டு அஞ்சு பேரும் ஸ்டாண்டைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தோம், யார் கை பட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேடம் வந்தபோது பக்கத்தில் நின்றவள் அவள். தினமும் பென்னாகரம் பஸ்ஸில் வருவாளே, சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாளே. காவிப்பல் என்று நாம் பேர் வைத்திருந்தோம். “நீதானா?” என்று மேடம் கேட்டார். அவள் நம்மைப் பார்த்தாள். சொல்லாதே என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பெஞ்சுக்குக் கீழே உன் கால் விரல் என் காலைத் தொட்டது, அவ்வளவுதான். நான் ரெக்கார்டு நோட்டைத் திறந்து மார்ஜின் கோடு போட ஆரம்பித்தேன்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். புளி உலுக்கும் கூலிக்குப் போகிறவர். வேட்டி மடிப்பிலிருந்து பிரேக்கேஜ் காசை எடுத்து மேஜையில் வைத்து எண்ணினார், நோட்டு கொஞ்சம், மீதியெல்லாம் எட்டணாவும் நாலணாவும். 45 ரூபாய். ஒரு எட்டணா உருண்டு என் பெஞ்சுக்கடியில் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். “நல்லா இரு தாயி” என்றார்.

பிளஸ் டூவுக்கு அவள் வரவில்லை. அதற்கு இது காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அப்படித்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் மேல் பழி போட இதை எழுதவில்லை. உன் கால் பட்டது பயத்தில் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் அன்றைக்கு “நாங்கதான் மேடம்” என்று சொல்லியிருந்தால் நீயும் உடனே எழுந்திருப்பாய், அதுவும் தெரியும். அதுதான் உறுத்துகிறது. உன் மகள் படிக்கிற கதைகளில் எல்லோரும் தேடுவது கொலைகாரனை. நான் ஒவ்வொன்றிலும் அந்த மார்ஜின் கோடு போடுகிறவளைத்தான் தேடுகிறேன், எப்படியும் ஒருத்தி இருக்கிறாள். மகளிடம் புத்தகத்தைப் பிடுங்காமல், எந்தப் பக்கத்தில் யார் வாயைத் திறந்திருக்கவேண்டும் என்று கேட்டுப் பார். முடிந்தால் நம் கதையையும் சொல். அவள் உன்னைக் குறைத்து நினைக்கமாட்டாள்.

இன்னொன்று. போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அத்தை வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “சரிங்க டீச்சர், வர்றேன்” என்று போய்விட்டாள். அடையாளம் தெரிந்ததோ இல்லையோ. இந்தத் தடவையும் நான் ரிஜிஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் விசாரித்துவிட்டேன், பென்னாகரம் தாண்டி உள்ளே. டவுன் பஸ் போகிறது, இறங்கிக் கொஞ்சம் நடக்கவேண்டும். அடுத்த ஞாயிறு காலை ரயிலுக்கு நீ கிளம்பி வா. மாங்காய்க் கூடையை அப்புறம் எடுத்துக்கொண்டு போகலாம். நான் மட்டும் போகலாம் என்று இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

உன் பழைய பெஞ்சுக்காரி