குருணை ஒதுங்கும் கரைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற லைபீரியக் கொடி தாங்கிய சரக்குக் கப்பல், 2025 மே 25 அன்று 640 கண்டெய்னர்களுடன் அரபிக் கடலில் மூழ்கியது. அந்தச் செய்தி பத்திரிகைகளிலிருந்து மறைந்து நாளாகிவிட்டாலும், அதிலிருந்து சிதறிய ‘நர்டில்ஸ்’ எனும், பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணைகள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையை விட்டு இன்னும் முழுமையாகப் போகவில்லை. காற்று பலமாக அடித்து, அலை மணலைப் புரட்டிப் போட்ட மறுநாள் காலையில் கடற்கரையில் நடந்தால், அலை ஏறி இறங்கிய கோட்டை ஒட்டிச் ஜவ்வரிசி சிந்தியதுபோல் அவை கிடப்பதை இப்போதும் காணலாம்.

விபத்து நடந்த சில நாட்களிலேயே மூட்டை மூட்டையாக அவை இங்கு ஒதுங்கின. எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் வீட்டுச் சுளகையும் சல்லடையையும் கொண்டுவந்து அரித்துப் பார்த்தார்கள். ஈர மணல் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொண்டது. பிறகுதான் ஒருவருக்கு யோசனை வந்து, வாளியில் கடல்நீரை நிரப்பி மணலை அள்ளிப் போட்டுக் கலக்கினார்கள். மணல் அடியில் தங்க, குருணை மேலே மிதந்தது. அதைத் தேயிலை வடிகட்டியால் அள்ளி எடுத்தார்கள். ஒரு வாளி மணலுக்கு ஒரு கைப்பிடி தேறினால் பெரிது. கையுறையோ கூலியோ இல்லாமல் அரை நாள் இப்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, சேர்ந்த மூட்டையை எங்கே கொடுப்பது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. நான் தொலைபேசியில் கேட்ட ஓர் அலுவலகம் இன்னொரு துறையைக் கைகாட்டியது. அந்தத் துறை மீண்டும் முதல் அலுவலகத்தையே கைகாட்டியது.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கப்பலில் அபாயகரமான சரக்கு ஏற்றியவை என்று அறிவிக்கப்பட்ட கண்டெய்னர்கள் 13. தண்ணீர் பட்டால் எரிவாயுவை வெளியிடும் கால்சியம் கார்பைடு அபாயகரமானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மீன் முட்டை என்று எண்ணி மீன்கள் விழுங்கும், கடல்நீரில் உள்ள நச்சுப் பொருள்களைத் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும், பல ஆண்டுகள் மட்காமல் கிடக்கும் பிளாஸ்டிக் குருணை, ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அபாயகரச் சரக்கு விதிகளில் சேர்க்கப்படவில்லை. குருணையைக் கப்பலில் ஏற்றிச் செல்வது பற்றி 2024-இல் அந்த அமைப்பு வெளியிட்டவையும் வெறும் பரிந்துரைகளே. கப்பல் நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம், இல்லையென்றால் விடலாம்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்திலேயே பாடம் கிடைத்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் குருணை கடலில் கலந்தது. அதற்காக 100 கோடி டாலர் இழப்பீடு வழங்கும்படி இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. எல்சா 3 விபத்தைக் கேரள அரசு மாநிலப் பேரிடராக அறிவித்து, ரூ.9,531 கோடி கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடியது. அது கேரளத்தின் இழப்புக்கான வழக்கு. நீரோட்டம் மாநில எல்லை பார்த்து நிற்பதில்லை என்பதால், குமரிக் கரையின் இழப்பைத் தமிழக அரசு தனியே கணக்கிட்டுக் கோரிப் பெற வேண்டும். அந்தக் கணக்கில், ஜூன், ஜூலை விசைப்படகுத் தடைக்காலத்தில் கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையையும் சிறு வள்ளத்தையும் மட்டும் நம்பியிருந்தவர்களின் வருமானமும் சேர வேண்டும். மீனில் நஞ்சு இருக்கிறது என்ற பேச்சு பரவிய நாட்களில், தலைச்சுமையாகச் சாளையும் நெத்திலியும் விற்கப் போன பெண்கள் பாதிக் கூடையுடன் திரும்பி வந்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

ஏற்கெனவே எங்கள் கரை சுருங்கிக்கொண்டு வருகிறது. கடலரிப்பைத் தடுக்கக் கல் அடுக்கிக் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு இடையில் மடி இழுக்கக் கிடந்த மணல்பரப்பு பல ஊர்களில் இல்லை. காற்றோ மழையோ இல்லாத நாளில்கூட, தெற்கே வெகுதொலைவில் எழுந்த புயலின் பேரலை ‘கள்ளக்கட’லாக வந்து வீட்டு வாசலைத் தொடுகிறது. கடல் வெப்பமும் கடல்மட்டமும் உயர்ந்துகொண்டே போகையில் இது குறையப்போவதில்லை. ஒவ்வொரு முறை அலை ஏறும்போதும், மணலுக்குள் புதைந்த குருணை மேலே வந்து புதிய இடத்தில் பரவுகிறது. ஒருமுறை கூட்டி அள்ளிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதைத் துப்புரவு என்று சொல்ல முடியாது.

எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ள, கடலோரக் காவல்படையின் பொறுப்பில் ஒரு தேசியத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. குருணைக்கும் அதுபோலக் கிராம அளவில் ஒரு நடைமுறை தேவை. முதல் தகவல் யாருக்குச் செல்ல வேண்டும், எந்தக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும், அள்ளுபவருக்கு என்ன கூலி என்பதை மீனவர் சங்கங்களுடன் பேசி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். குருணையை அபாயகரச் சரக்காக அறிவிக்கும்படி மத்திய அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பில் வலியுறுத்த வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகம் வளர வளர எங்கள் கடல்வழியே செல்லும் கண்டெய்னர்களும் பெருகும். ஆகவே அடுத்த தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்குள், குறைந்தபட்சம் அந்தக் கிராம நடைமுறையையாவது மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.