அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்த ஐயருக்கு

எங்கள் சபைக் குருவானவரான சேகரத்து ஐயருக்கும் அவர் மனைவி ஐயரம்மாவுக்கும் அவருக்கு உதவியாக ஊழியம் பார்க்கும் உபதேசியாருக்கும் சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

அப்பாவை அடக்கம் பண்ணி இரண்டு மாதம் ஆகிறது. ஐயருக்கு மாறுதல் வந்துவிட்டதாகப் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவித்தார்கள். சாமான் ஏற்றும் வண்டி வந்து நிற்கும்போது நான் அழுதுகொண்டு நிற்பேன், ஒரு வார்த்தையும் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா பனையேறி. பதினோரு வருஷமாக எங்கள் சபைக் கோயில் படி மிதிக்காதவர். காரணம் ஊருக்கே தெரியும். அக்கா கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கேட்டுப் போனபோது, சபைக்குச் செலுத்தவேண்டிய சங்க நிலுவையைக் கட்டிவிட்டு வா என்று அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் மழையில்லை, பதநீரும் இல்லை. வட்டிக்கு வாங்கி நிலுவையைத் தீர்த்தார், அக்கா கல்யாணத்தைக் கோயிலில்தான் நடத்தினார், அன்றோடு நின்றுவிட்டார். வேதப்புத்தகத்தை மட்டும் விடவில்லை. ராத்திரி விளக்கடியில் தனியாக வாசிப்பார்.

பிறகு சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு தடவை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. கார் வாடகைதான் எங்களைத் தின்றது.

ஐயா, நீங்கள் முதல்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா எழுந்திருக்கவில்லை. "கோயிலுக்குக் கூப்பிட வந்திருந்தா இப்பவே சொல்லிரும் ஐயரே" என்றார். நீங்கள் கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு, "இல்ல அண்ணாச்சி, பாளை எப்படிச் சீவுதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றீர்கள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அப்பா பேசினார். பாளையருவாளைத் தீட்டும் விதம், பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவும் பக்குவம், எந்த மரம் எப்போது சுரக்கும் என்பதெல்லாம் வந்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நோய் வந்த நாளிலிருந்து அப்பா இத்தனை பேசி நான் கேட்டதில்லை. போகும்போது சின்னதாக ஒரு ஜெபம் செய்தீர்கள். கோயிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அடுத்த வியாழனும் வந்தீர்கள். அதற்கடுத்த வியாழனும் வந்தீர்கள். மருத்துவமனைக்குக் கூடவே வந்து, கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்ட இடத்தில் ஊசி குத்தும்போது மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பேசாத நேரத்துக்குத்தான் முதலில் நன்றி சொல்லவேண்டும்.

நாலாவது மாதம் அப்பாவாகவே கேட்டார்: "ஐயரே, எனக்கு இராப்போஜனம் தருவீரா?" நீங்கள் திரும்பி என்னிடம், "இன்னைக்கு அப்பா எவ்வளவு தண்ணி குடிச்சிருக்காங்க?" என்று கேட்டீர்கள். நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் அப்பத்தைத் திராட்சரசத்தில் நுனி மட்டும் தொட்டு அப்பாவின் நாக்கில் வைத்தீர்கள். அவர் உடம்பு தாங்கும் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திருவிருந்து கொடுத்த கை அது. பதினோரு வருஷம் கழித்து வாங்கிய அப்பா வெகுநேரம் அழுதார்.

ஓய்வுநாள் பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சபை வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். தரங்கம்பாடியில் 1733-இல் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். 1790-இல் அபிஷேகம் பெற்ற சத்தியநாதன் நம் பாளையங்கோட்டைப் பக்கம் அனுப்பப்பட்டார். வருஷங்களை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். இருவருமே அதற்குமுன் உபதேசிமாராக ஊழியம் பார்த்தவர்கள் என்பதையும் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை. அங்கி வருவதற்கு முன்பே ஜனங்களோடு உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள் என்பது அப்பாவின் கட்டிலருகே உங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாம் "போதகர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எபேசியர் நிருபத்தில் பவுல் "மேய்ப்பராகவும் போதகராகவும்" என்று எழுதுகிறார். மேய்ப்பர் அங்கே முந்தி வருகிறார். எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் மேய்ப்பர்மேல் வைக்கும் குற்றச்சாட்டிலும் பிரசங்கம் சரியில்லை என்ற பேச்சே இல்லை. பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, முறிந்ததைக் கட்டவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை என்றுதான் கேட்கிறார். கட்டடமும் கமிட்டியும் தேர்தலும் ஒரு குருவானவரின் நேரத்தை எப்படி விழுங்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். அத்தனைக்கும் நடுவில் வியாழக்கிழமையைப் பிடித்துவைத்திருந்தீர்களே ஐயா, அது சின்னக் காரியம் இல்லை.

ஐயரம்மா, உப்பில்லாமலும் ருசியாகச் சமைக்கலாம் என்று எனக்குக் காட்டியது நீங்கள்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முறைவைத்து அம்மாவுக்குத் துணை படுத்தார்கள். ரத்தம் கொடுத்த வாலிபத் தம்பிமார், பாதி நாள் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட கார்க்கார அண்ணன், டயாலிசிஸ் பிரிவுச் சகோதரிகள் எல்லாருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

அப்பா போனது ராத்திரி இரண்டு மணிக்கு. உபதேசியார் ஓடிப்போய் மணி அடித்தார். அந்த மணி அடங்குவதற்குள் ஐயா நீங்கள் வாசலில் நின்றீர்கள். மறுநாள் அடக்க ஆராதனையில் அப்பாவை நல்லவர் வல்லவர் என்று புகழவில்லை. "அண்ணாச்சிக்கு இந்தச் சபை ஒரு காயம் கொடுத்தது. அதுக்காக நான் மன்னிப்புக் கேக்கேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னீர்கள். நீங்கள் செய்யாத தப்புக்கு நீங்கள் கேட்டீர்கள். அன்று பெரியவர்கள் சிலர் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார்கள். அம்மாவும் அழுதார்கள். இப்போது ஞாயிறுதோறும் அம்மா கோயிலுக்குப் போகிறார்கள்.

சபையாரிடம் ஒரு விண்ணப்பம். புதிய ஐயர் வந்ததும் வரவேற்புக் கூட்டத்துக்கு முன்னால் படுத்திருக்கிறவர்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். வடக்குத் தெருக் கடைசி வீட்டில் கண் தெரியாத ஆச்சி இருக்கிறார்கள். கிணற்றடி வீட்டில் விழுந்து இடுப்பொடிந்த தம்பி இருக்கிறான். எனக்குத் தெரிந்த மற்ற வீடுகளை எழுதி உபதேசியாரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஐயா, அப்பா கடைசி வருஷம் கூலிக்கு ஆள் வைத்து இறக்கிக் காய்ச்சிய கருப்பட்டியில் ஒரு ஓலைப்பெட்டி உங்களுக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம். வண்டியில் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
பனையேறி வீட்டு இளைய மகள்