சம்பளம் கூடினால் இ.எஸ்.ஐ. உடனே நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்பளம் உயர்ந்த கையோடு குடும்பத்தின் வைத்தியம் பறிபோவதைப் பற்றி உங்கள் இதழ் எழுத வேண்டும். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 15,000 ரூபாயிலிருந்து 21,000 ஆனது. பல வருடம் லேத்தில் நின்று இப்போதுதான் 21,800ஐத் தொட்டவர்கள் அம்பத்தூரில் நிறையப் பேர். அந்த 800 ரூபாய்க்காக அம்மாவின் டயாலிசிஸ் செலவு இவர்கள் தலையில் விழுகிறது.

உண்மையில் விதி இவ்வளவு கடுமையானது அல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். ஒரு காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் பங்களிப்பு இருந்தால், அதற்குரிய பலன் காலம் முழுவதும் வைத்தியம் உண்டு: முதல் காலத்துக்கு மறு ஜனவரி முதல் ஜூன் வரை, இரண்டாவதுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஜூனில் உயர்வு பெற்றவருக்குச் செப்டம்பர் வரை பிடித்தம் நடந்தால், மறு வருடம் ஜூன் 30 வரை குடும்பமே டிஸ்பென்சரிக்குப் போகலாம். ஓவர்டைம் பணத்தை இந்த 21,000 கணக்கில் சேர்க்கவும் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் ஜூனில் உயர்வு கொடுத்த உடனேயே பிடித்தத்தை நிறுத்திவிட்டார்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. கட்டத்தில் பூஜ்யம். மாதம் 164 ரூபாய் மிச்சம் என்று அந்தத் தொழிலாளியும் பேசாமல் இருந்துவிட்டார். பழைய பங்களிப்பின் புண்ணியத்தில் டிசம்பர் வரை எதுவும் தெரியவில்லை. ஜனவரியில் அம்மாவை அழைத்துப் போனால், கம்ப்யூட்டரில் தகுதி இல்லை என்று வருகிறது. ஏப்ரலும் மேயும் சேர்ந்து 61 நாள்தானே, 78 எங்கே வரும்? கம்பெனி செய்த தவறுக்கு அந்த அம்மா ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

சரி, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால் அங்கே குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 21,800 வாங்குபவரின் வருமானம் 2,61,600. இரண்டு பக்கமும் கதவு அடைப்பு.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளைகள் உள்ள குடும்பம் முந்தைய 6 மாதத்தில் 3 மாதமாவது அந்த உதவியைப் பெற்றிருந்து, வேலை வருமானம் கூடியதால் தகுதி இழந்தால், முதல் 6 மாதம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் வைத்தியம் தொடரும். குழந்தைப் பராமரிப்புச் செலவு போகச் சம்பாத்தியம் வறுமைக்கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் 6 மாதம் கிடைக்கும். 1988இல் சட்டமாக வந்ததை 2015இல் நிரந்தரமாக்கினார்கள். வேலையில் முன்னேறுகிறவர் நோய்ச் செலவுக்குப் பயந்து பின்வாங்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். நம் ஊர்த் தொழிலாளிக்கும் அது பொருந்தும்.

வரம்பு தாண்டியவருக்கு, அவர் விரும்பினால், தன் பங்கோடு கம்பெனியின் பங்கையும் தானே கட்டி ஓராண்டாவது தொடர வழி வேண்டும். அதற்கு முன்னால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தத் தேதி வரை வைத்தியம் பெறலாம் என்று இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளியின் கைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். பிடித்தம் பாதியில் நின்றால் அதையும் அப்போதே சொல்லட்டும். செப்டம்பருக்குள் போய்க் கேட்க அவருக்கு நேரமிருக்கும்.

— ஒரு வாசகர், அம்பத்தூர்