'மாறியிருக்கிறது' என்றால் போதுமா?

ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் இருபது ஆண்டுகளாக அழைப்பிதழ் வடிவமைக்கிறேன். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் முகூர்த்த நேரத்தைத் திருத்தி, அதே பெயரிலேயே கோப்பை அனுப்பினார். பழையதை அச்சடித்துவிட்டேன். ஐந்நூறு பிரதி வீண்.

கோப்புகளில் நேரும் மாற்றங்களைக் கண்காணிக்கும் 'கிட்' மென்பொருளை அக்காள் மகன் நிறுவித் தந்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. அது முதலில் கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் பார்க்கிறது. அவை மாறியிருந்தால் உள்ளடக்கம் முழுவதையும் படித்து, 40 எழுத்துக் கைரேகை ஒன்றைக் கணக்கிடுகிறது. ஒரு புள்ளி நகர்ந்தாலும் கைரேகை அடியோடு மாறிவிடும்.

உரைக் கோப்பென்றால் எந்த வரி மாறியது என்று காட்டுகிறது. படக் கோப்புக்கோ, 'வேறுபடுகின்றன' என்ற ஒற்றைச் சொல்தான்! எது படம், எது உரை என்று அது முடிவெடுக்கும் விதம் வேடிக்கையானது: கோப்பின் முதல் 8,000 பைட்டுகளுக்குள் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு) மதிப்பு பூஜ்யமான பைட் ஒன்று தென்பட்டால் அது உரையல்ல. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-16-இல் சேமித்த என் தமிழ்க் கோப்புகள் இதில்தான் மாட்டிக்கொண்டன. தமிழ் எழுத்துகள் மீது குற்றமில்லை. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியில்தான் அந்தப் பூஜ்யம் ஒளிந்திருக்கிறது. யுடிஎஃப்-8 என்ற இன்னொரு முறைக்கு மாற்றிய பிறகு வரிகள் தெரிகின்றன.

சில வடிவமைப்பு மென்பொருள்கள் சேமித்த நேரத்தையும் கோப்புக்குள் எழுதிவிடுவதால், எதையும் திருத்தாமல் திறந்து சேமித்தாலே 'மாற்றம்' என்கிறது கிட். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கணினிப் பகுதியில் சிறு அச்சகங்களுக்காக இதை விரிவாக எழுதுங்கள்.

– அச்சக வடிவமைப்பாளர் ஒருவர், கடலூர்