தம்பிக்கு, தலையாட்டல் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்தின வாரம் நீ மேனேஜராக இருக்கிற ஐஸ் கம்பெனியில் நடந்ததை நேற்றுதான் போனில் சொன்னாய். "எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் கேட்டேன்க்கா, ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லலை. இப்ப ஆளாளுக்கு, எனக்கு அப்பவே தெரியும்ங்கிறாங்க."

அந்தக் கூட்டத்தில் முதலில் பேசியது யார்? நீதானே! "டோக்கன் வாங்கிப் படகு கடலுக்குப் போற நாள்ல ஐஸ் பத்தலை, ஐஸ் உறையற டின்னை ரெண்டு மணி நேரம் முன்னாடியே தூக்கிடலாம், என்ன சொல்றீங்க?" மேனேஜர் வாயிலிருந்து முடிவே வந்துவிட்ட பிறகு ஆட்கள் என்ன சொல்வார்கள்? ஐஸ் பார் வெளியே கல் மாதிரி இருந்திருக்கிறது, உடைத்தால் நடுவில் தண்ணீர். இருபது வருஷமாக உப்புத்தண்ணீர்த் தொட்டி மேல் நின்று டின் தூக்குகிறவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவரிடம் நீ சம்மதம் கேட்டாய், தலையாட்டிவிட்டார்.

ஊரறிய எழுதுகிறாளே என்று கோபிக்காதே, என் மானமும் இதில் சேர்ந்தேதான் போகிறது. நண்டுக் கம்பெனியில் நான் சூப்பர்வைசரான முதல் வருஷம், சதையில் ஓட்டுத் துணுக்கு கிடந்தால் உரித்த பெண்ணின் பெயரை நோட்டில் எழுதி எல்லார் முன்னாலும் வாசிப்பேன். இரண்டே வாரத்தில் நோட்டு சுத்தம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அப்புறம் ஒருநாள் விளக்கு மேஜைச் சோதனையில் அன்றைய சரக்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டார்கள். துணுக்கு கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் அடுத்தவள் தட்டில் கலந்துவிடப் பெண்கள் பழகியிருந்தார்கள். அந்த நோட்டைக் கைவிட எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. வீம்பு.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியையைப் பற்றிச் சொன்னார்கள். 1990களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தவர். இணக்கமாக வேலை செய்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கணக்கு தலைகீழாக வந்தது, அந்தக் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். பயமில்லாத இடத்தில் தவறு வெளியே வருகிறது, மற்ற இடங்களில் அமுங்கிப் போகிறது என்பது அவர் கண்ட விளக்கம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் சுத்தமான நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா இதை எங்கே படித்தார்? வல்லத்தைத் தள்ளுமுன் ஆட்களிலேயே சின்னப் பையனைத்தான் முதலில் கேட்பார். "காத்து எப்படிடா இருக்கு?" பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றாத நாளிலும் கேட்பார். பையன் "கச்சான் ஏறுது" என்பான், மேல்காற்று வலுக்கிறது என்று அர்த்தம், பாதி நாள் தப்பாக இருக்கும், பெரியவர்கள் சிரிப்பார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் அப்பா வாய் திறப்பார். அதற்காக அவரைத் தெய்வமாக்க வேண்டாம். வலை கிழிந்தால் காது கூசத் திட்டுவார். அதனாலேயே ஒருமுறை கிழிந்த வலையை மடித்து அடியில் வைத்துவிட்டார்கள், நடுக்கடலில்தான் தெரிந்தது.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகெல்லாம் மொத்தமாக ஐஸுக்கு வந்து நிற்கும். அதற்கு முன் கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிய ஒரு வழியைச் செய்து பார். "ஜூன் 15 காலை. ஐஸ் இல்லாமல் படகுகள் கரையில் நிற்குது. நம்ம திட்டம் கவுந்து போச்சு. எதனால?" என்று கேட்டு ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல். "நடக்குமா?" என்று கேட்டால் மறுத்துச் சொல்கிறவர் உன்னை எதிர்க்கிறவர் ஆகிவிடுவார். இப்படிக் கேட்டால் குறை கண்டுபிடிப்பதே அன்றைய வேலை. எழுத வராதவர்களிடம் வாயால் கேள்: முதலில் டின் தூக்குகிறவர், அடுத்து கம்ப்ரசர் ஆபரேட்டர், பிறகு கணக்குப்பிள்ளை. நீ கடைசி. யாராவது "அம்மோனியா வாடை வருது" என்று சொன்னால் மட்டும் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாரோடும் வெளியே ஓடு, ஐஸ் உறைய வைக்கிற அந்த விஷ வாயு கசிகிறது என்று அர்த்தம், அங்கே கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காதே.

முடிந்ததும் போன் போடு. டின் தூக்குகிறவர் "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று மறுபடியும் சொன்னால், வெளியே கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை கேள்.

அன்புடன்,
அக்கா